பெட்டியின் மேல் ஆள் இல்லை

கொட்டாஞ்சேனை,
14-11-1938

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லரத்தினம் எழுதுவது. அம்மன் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். கொழும்பு மழைதான் ஒருவரையும் சுகமாக இருக்க விடுகிறதில்லை. நீங்களும் அக்காவும் மருமகள் கண்ணகையும் எப்படி? அக்காவின் முழங்கால் நோவு குறைந்ததா?

லொறிக்குப் பின்னால் கொளுவுகிற பெட்டிக்கு இன்ஷூரன்ஸ் எழுத எங்கள் துரையிடம் பேசிவிட்டேன். மட்டக்களப்பு என்றதும் அவர் சிரித்தார். அங்கே மாட்டு வண்டிதானே ஓடும் என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம். என் அத்தானின் பெட்டி ஒரு நடையில் கொண்டுவரும் நெல்லை உங்கள் கிளார்க்மார் எல்லாரும் சேர்ந்து ஒரு வருடம் இருந்து தின்ன ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டிக்கும், அதில் ஏற்றுகிற நெல்லுக்கும் கொப்பறாவுக்கும் பொலிசி செல்லும். லொறியோடு கொளுவி இருந்தாலும் சரி, கழற்றி வைத்திருந்தாலும் சரி, வாவியைக் கடக்கும்போதும் சரி. இந்தக் கடைசி வரிக்காக நான் எவ்வளவு மன்றாடினேன் என்று கேட்டால் இனி வரும்போது எனக்கு ஒரு கோழி அடிப்பீர்கள்.

ஒரேயொரு கண்டிப்பு. பெட்டியின் மேல் ஆள் ஏற்றக்கூடாது. கூலியாளும் கூடாது, காவலுக்கும் கூடாது. ஆள் இருந்தது தெரிந்தால் ஒரு சதமும் வராது. பெட்டியில் பாதி முகைதீன்பாவா நானாவுடையது என்பதால் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. மருமகளுக்கு மாமாவின் முத்தம்.

நல்லரத்தினம்

*

குருக்கள்மடம்,
2-12-1938

மச்சான் நல்லரத்தினத்துக்கு,

வல்லிபுரம் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் முழங்கால் என்னோடு சண்டை பிடிக்க எழும்பும்போது நன்றாகவே வேலை செய்கிறது. நீ கவலைப்படாதே.

கடதாசியில் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். முகைதீன்பாவாவும் காத்தான்குடியிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் வயல் செய்கிற வட்டைக்காரர் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. "பெட்டி விழுந்தா வெள்ளக்காரன் காசு தருவானா? பைத்தியமா வல்லிபுரத்துக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய நெல்லையும் சேர்த்துத்தானடா எழுதியிருக்கிறேன் என்றால் அதற்கும் சிரிப்பு.

ஒரு காரியம் கேட்க வேண்டும். நம்மட வழக்கம் உனக்குத் தெரியும். போகத்தின் முதல் நெல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வரும்போது, அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று மடியில் குடத்தோடு நெல்லின் மேல் இருந்து வர வேண்டும். பெண்கள் களத்துக்குள் வரக்கூடாது என்பதால் அக்கரைத் துறையில் வைத்துத்தான் ஏற்றுவோம். உன் அக்காவும் சின்னதில் உங்கள் அப்பாவின் வண்டியில் அப்படி இருந்து வந்தவள்தான். வருகிற மாசியில் கண்ணகையின் முறை. ஒன்பது வயதாகிறது. இப்போதே குடத்தை வைத்துக்கொண்டு உரலின் மேல் ஏறி இருந்து பழகுகிறாள். சோறு தின்னவும் இறங்கி வருகிறாள் இல்லை.

இதைக் கம்பனி ஆள் என்று எண்ணுமா? நிறையும் இல்லை, கூலியும் இல்லை. கேட்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வல்லிபுரம்

*

கொட்டாஞ்சேனை,
9-1-1939

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். பொங்கலுக்கு வர ஏலாமல் போய்விட்டது. லீவு கேட்டால் துரையின் முகம் புளித்துப்போகிறது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறு குறையில்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொலிசி எழுதியாயிற்று. இதோடு வருகிறது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

கண்ணகையின் காரியம். கம்பனிக்குப் பிள்ளையும் ஆள்தான் அத்தான். நான் துரையிடம் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வார். ஆகையால் நான் கேட்கவில்லை. நீங்கள் எழுதவில்லை, நான் வாசிக்கவில்லை. ஒரு நாள், ஒரு நடை. வாவிக்கு நடுவில் கம்பனி வந்து நின்று பார்க்கப் போகிறதா? வழக்கத்தை விட்டு அக்காவிடம் யார் ஏச்சு வாங்குவது?

மருமகளுக்குப் புதுப் பாவாடை தைத்துக் கொடுங்கள். மாமா செலவு.

நல்லரத்தினம்

*

குருக்கள்மடம்,
14-3-1939

நல்லரத்தினத்துக்கு,

பெட்டி வாவியில் போய்விட்டது. போன புதன்கிழமை.

லொறியையும் பெட்டியையும் ஒன்றாக வாவி கடத்துகிற பாதை தாங்காது என்று உனக்குத் தெரியும். இரண்டு வள்ளத்தைப் பிணைத்துப் பலகை அடித்ததுதானே. முதல் நடையில் லொறியைக் கொண்டுவந்து இக்கரையில் நின்றேன். இரண்டாம் நடையில் பெட்டி வந்தது. நடுவில் காற்றடித்துப் பாதை சரிந்தது. சக்கரத்துக்கு வைத்த கட்டை விலகிவிட்டது. பெட்டி பின்னால் உருண்டு விழுந்தது. நெல் எல்லாம் போயிற்று. பாதைக்காரருக்கு ஒன்றுமில்லை.

கம்பனிக்கு என்ன எழுத வேண்டும் என்று கெதியாக அறிவி.

அக்காவுக்குச் சுகமில்லை. எழுத மாட்டாள்.

வல்லிபுரம்

*

கொட்டாஞ்சேனை,
18-3-1939

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கண்டு திடுக்கிட்டுப்போனேன். பிறகு யோசித்துப் பார்த்தால், பெட்டிதானே போயிற்று! இரும்பும் பலகையும். உயிர்ச்சேதம் இல்லை. இதற்காகத்தானே பொலிசி எடுத்தோம்? சிரித்த வட்டைக்காரர் எல்லாரும் இனி என் பெயரைச் சொல்லிக் கும்பிடட்டும்.

அக்காவுக்கு என்ன சுகவீனம்? அதிர்ச்சியா? பரியாரியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இதோடு கம்பனியின் கடதாசி வைத்திருக்கிறேன். எப்படி நடந்தது என்று நீங்கள் எனக்கு எழுதியபடியே எழுதுங்கள். கீழே ஒரு கேள்வி இருக்கிறது: பெட்டியின் மேல் ஆள் எவரும் இருந்தார்களா? ‘ஆள் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். முகைதீன்பாவா நானா, பாதைக்காரர், அதிகாரி என்ற முறையில் வட்டைவிதானையார், மூவரின் சாட்சியும் வேண்டும்.

அன்று என்ன காரணத்தினாலோ கண்ணகையை ஏற்றாமல் விட்டீர்கள் போல. அம்மன்தான் காப்பாற்றினாள். வழக்கம் தவறிவிட்டது என்று பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அடுத்த போகத்துக்கு இருக்கலாம் என்று மாமா சொன்னதாகச் சொல்லுங்கள்.

நல்லரத்தினம்

*

குருக்கள்மடம்,
5-4-1939

நல்லரத்தினத்துக்கு,

கேட்ட கடதாசிகள் எல்லாம் இதோடு. நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். முகைதீன்பாவாவும் விதானையாரும் வைத்திருக்கிறார்கள். பாதைக்காரன் சாமித்தம்பி பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறான்.

பெட்டி விழுந்த அன்று பிள்ளையும் தவறிப்போயிற்று. துறையில் குளிக்க இறங்கினது. விதானையார் எழுதிய கடதாசியில் இருக்கிறது. பார்த்துக்கொள்.

வல்லிபுரம்

*

கொட்டாஞ்சேனை,
10-4-1939

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அத்தானின் கடிதத்தைக் கந்தோரில் வைத்துப் பிரித்தேன். பெட்டி, கையெழுத்து, பெருவிரல் என்று வாசித்துக்கொண்டே போனேன். கடைசி வரியையும் அப்படியே வாசித்துவிட்டு அடுத்த கடதாசியை எடுத்தேன் அக்கா. பிறகுதான் விளங்கியது. பக்கத்து மேசைக்காரன் தண்ணீர் தந்தான்.

மாமன்காரனுக்குத் தந்தி அடிக்க உங்கள் ஊரில் ஆளில்லையா? அவள் முகத்தைப் பார்க்க எனக்கு உரிமையில்லையா? இவ்வளவு நாளும் நான் இங்கே வருடப்பிறப்புக்கு அவளுக்குச் சட்டை தேடிக் கடை கடையாகச் சுற்றித் திரிந்தேன். அடுத்த போகத்துக்கு இருக்கலாம் என்று எழுதினேனே! அதை யார் வாசித்தது? நீயா வாசித்தாய்?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அன்று முதல் நெல் வருகிற நாள். கண்ணகை அன்று குளிக்கவா போனாள்? தனியே துறைக்குப் போகிற பிள்ளை அல்லவே அவள்? விதானையார் "தாய் தகப்பன் சொல் கேளாமல் குளிக்க இறங்கி" என்று எழுதியிருக்கிறார். என் மனம் ஒப்பவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். இம்மாத முடிவில்தான் தருவார்களாம். நீ சாப்பிடுகிறாயா? யாராவது உன்னோடு படுக்கிறார்களா? ஒரு வரி எழுது.

உன் தம்பி

*

குருக்கள்மடம்,
20-4-1939

தம்பி நல்லரத்தினத்துக்கு,

அக்கா இரத்தினம்மா எழுதுகிறேன். சுகம் கேட்டு எழுதக் கை வரவில்லை. நீ இருக்கிறாய், அது போதும்.

கண்ணகை குளிக்கப் போகவில்லை. பெட்டியின் மேல் இருந்தாள்.

நான் கண்ணால் கண்டேன். இக்கரையில் மற்றப் பெண்களோடு நிறைகுடம் வைத்துக் குரவை போட நின்றேன். உன் அத்தான் லொறியோடு முதல் நடையில் வந்து என் பக்கத்தில் நின்றார். "உன்ட மகளப் பாரு, ராசாத்திபோல இரிக்கிறாள்" என்று காட்டினார். சிவப்புப் பாவாடை அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. அக்கரையில் அவர்தான் அவளைத் தூக்கி நெல்லின் மேல் இருத்தி, "அப்பா வந்து இறக்குமட்டும் இறங்கப்படா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை எழும்பி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னார். எந்தத் தகப்பனும் சொல்கிறதுதான்.

பாதை சரிந்ததும் பெட்டி உடனே விழவில்லை தம்பி. மெதுவாகத்தான் உருண்டது. "குதி புள்ள! குதி!" என்று பாதைக்காரர் கத்தினார்கள். நாங்களும் கத்தினோம். உன் அத்தான் சட்டையோடு வாவிக்குள் பாய்ந்துவிட்டார். சாமித்தம்பி கோலைப் போட்டுவிட்டு அவளுக்குக் கையை நீட்டினான். "அப்பா வந்துதான் இறக்குவார்" என்று அவனிடம் சொன்னாளாம். அவன் என் காலடியில் விழுந்து இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனேதான் இப்போது பெட்டியில் ஒருவரும் இல்லை என்று பெருவிரல் வைத்திருக்கிறான்.

எல்லாரும் நல்லவர்கள். அதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். "வல்லிபுரம் புள்ளையையும் குடுத்துப் பெட்டியையும் குடுக்கிறதா?" என்று கூடிப் பேசினார்கள். வட்டைக்காரரின் நெல்லும் அதில்தான் போயிற்று. அடுத்த விதைப்புக்கு அவர்களிடம் ஒரு மணி இல்லை. பிள்ளை குளிக்கப் போனது என்று எழுதினால் பெட்டிக்கும் அவளுக்கும் தொடுப்பு இராது என்று விதானையார்தான் வழி சொன்னார்.

சொல் கேளாமல் இறங்கினாளாம்! என்ட பிள்ளை சொல் கேட்டதனால் அல்லவா செத்தாள்?

நேற்று வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி தன் பிள்ளையை அதட்டுகிறாள்: "தண்ணிக்குப் போகாத. சொல்வழி கேளாத கண்ணகைக்கு என்ன நடந்த?" அவள் சாவீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதவள். துறையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். இவ்வளவு நாளைக்குள் அவளுக்கே அது மறந்துபோயிற்று. சொல்லிச் சொல்லி அந்தப் பொய்யை ஊர் உண்மையாக்கிவிட்டது. நான் வாயைத் திறந்தால் "இரத்தினம்மாக்குப் புத்தி தடுமாறிப் போச்சு" என்று இரக்கப்படுகிறார்கள்.

உனக்குத் தந்தி அடிக்கப் போனவரை மறித்தவர் உன் அத்தான். "அவன் கம்பனி ஆள். தெரிஞ்சா எப்பிடிக் கா பொய் எழுதுவான்?" என்றார். அவரை நான் ஏசாத ஏச்சில்லை. அவர் லொறியைத் துடைத்துக்கொண்டே நிற்பார். அழுவதும் இல்லை. பிள்ளையின் பேரை அவர் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

நீ வராதே. நீ வந்தால் உன் முகத்தைப் பார்த்தும் அவர் அந்தப் பொய்யைச் சொல்லுவார். அதை நான் கேட்கக் கூடாது. அங்கேயே இருந்து உன் துரையிடம் சொல். என்ட பிள்ளை பெட்டியின் மேல் இருந்தாள் என்று எழுதச் சொல்.

இரத்தினம்மா

*

கொட்டாஞ்சேனை,
10-5-1939

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே மறுமொழி எழுதாததற்கு என்னை மன்னி. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத இருந்தால் அந்தச் சிவப்புப் பாவாடை கண்ணுக்குள் வருகிறது.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துரையின் கதவடிவரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். நான் கோழை அக்கா. வேறு பேர் சொல்லாதே.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பனி பணம் கொடுக்கத் தீர்மானித்துவிட்டது. ஆனி பிறக்க முன் வந்துவிடும். தாயின் சொல்லைக் கம்பனி எடுக்காது. பெட்டியின் சொந்தக்காரர் கையெழுத்து வைத்துச் சொன்னதை அவர்தான் மாற்றலாம். மாற்றினால் பணம் இல்லை. பொய் எழுதினது ஏன் என்று விசாரணையும் வரலாம். சாமித்தம்பி, விதானையார், நானா எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். என் வேலையும் போகும். அது போகட்டும். "நீங்கள் எழுதவில்லை, நான் வாசிக்கவில்லை" என்று கெட்டித்தனமாக எழுதிய கைதானே இது!

ஆனால் வட்டைக்காரருக்கு நாம் என்ன சொல்வது? விதைநெல் இல்லாமல் அவர்களுடைய பிள்ளைகள் என்ன தின்னும்? கண்ணகை இருந்தாள் என்று நான் நம்புகிறேன். உனக்கு அது போதாது என்றும் தெரிகிறது. எனக்கே போதவில்லை.

அத்தானிடம் இதை வாசித்துக் காட்டு. அவர் என்ன சொன்னாலும் அதை நான் செய்கிறேன்.

நல்லரத்தினம்

*

குருக்கள்மடம்,
4-6-1939

தம்பி நல்லரத்தினத்துக்கு,

உன் கடிதம் வந்து கனநாள். மறுமொழி இல்லை என்று நீ துடித்திருப்பாய். உன் சளி மாறிவிட்டதா? நான் இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறேன்.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எழும்பி வெளியே போய்விட்டார். அதோடு அவர் வீட்டில் சாப்பிடுவதையும் விட்டார். லொறிக்குள்ளேயே படுக்கை.

முகைதீன்பாவா நானாவும் அவர் பெண்சாதி ஸைனம்புவும் காத்தான்குடியிலிருந்து வந்தார்கள். ஸைனம்பு என் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். நானா முற்றத்தில் நின்றபடி அவரிடம் சொன்னார்: "வல்லிபுரம், என்ட பாதி எனக்கு வேணாம். ஒன்ட முகத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டன். போட்ட நாள்ல இருந்து தொழுகையில மனம் நிக்குதில்ல." வட்டைக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் நானாவைக் கோபித்துப் பேசினார்கள். அவர்களைப் பிழை சொல்ல ஏலாது, வயிறு காய்கிறது.

அம்மன் சடங்குக்குக் கதவு திறந்த அன்று பின்னேரம், கோயில் வீதியில் சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நின்றார்கள். இவர் மரத்தடியில் நின்றார். நான் சற்றுத் தள்ளி. ஒரு பிள்ளை தாயாம். இன்னொன்று கண்ணகையாம். "வேணாம் புள்ள, ஆத்துக்குப் போகாத" என்று தாய் சொல்ல, "நான் போவன், நான் போவன்" என்று மற்றது காலை உதைத்துக்கொண்டு ஓடிப் போய் மண்ணில் விழுந்து சாகிறது. எல்லாம் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

இவர் அந்தப் பிள்ளையிடம் போனார். ஏசப்போகிறார் என்று பயந்துவிட்டேன். முழங்காலில் இருந்து அதன் முகத்துக்கு நேரே சொன்னார்: "கண்ணகை அப்பிடிச் சொல்லயில்ல, மனே. அவள் ஒரு நாளும் அப்பிடிச் சொல்லமாட்டாள்." நான்தான் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பேரைச் சொல்லி அழுதார் தம்பி. நானும் அழுதேன். பெற்ற இரண்டு பேரும் சேர்ந்து அழ இவ்வளவு காலம் சென்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கடதாசி கேட்டார். எழுதியதை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். லொறியை விற்று வட்டைக்காரருக்கு விதைநெல் வாங்கிக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். அப்படியும் சிலர் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. சாமித்தம்பி மட்டும் வந்து, தன் விரலையும் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

உன் வேலை போனால் இங்கே வந்துவிடு. இருக்கிறதைத் தின்னலாம். ஒரு எழுத்தும் திருத்தாமல் உன் துரைக்கு வாசித்துச் சொல்.

இரத்தினம்மா

*

குருக்கள்மடம்,
4-6-1939

கம்பனி மனேஜர் துரை அவர்களுக்கு,

வல்லிபுரம் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் ஆள் இல்லை என்று நான் கையெழுத்து வைத்தது பொய். ஆள் இருந்தது. என் மகள் கண்ணகை இருந்தாள். அவளை நான்தான் தூக்கி இருத்தினேன். நான் வந்து இறக்கும்வரை இறங்கவேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். பாதைக்காரர் குதிக்கச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் கரையிலிருந்து சொன்னோம். அவள் நன்றாக நீந்துவாள் துரை. வாவிக்கரையில் பிறந்த பிள்ளை. குதித்திருந்தால் வந்து சேர்ந்திருப்பாள்.

அவள் குளிக்க இறங்கவில்லை. சொல் கேளாத பிள்ளையும் அல்ல.

மற்றவர்கள் எனக்காகத்தான் கையெழுத்து வைத்தார்கள். தண்டனை உண்டானால் எனக்குத் தரவும். பணம் வேண்டாம். அந்தக் கடதாசியில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, அதில் அவள் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வல்லிபுரம்